படலையைத் தாண்டினால் வீமனுக்குக் காது கேட்பதில்லை: கோழி, மீன், தெருவில் கிடக்கும் எலும்பு ஆகியவற்றை விட்டு வர எப்படிப் பழக்குவது?

வயற்காரன் (வட்டக்கச்சி)

வணக்கம். எங்கள் வீட்டில் 14 மாத வயதுடைய ஊர் நாய் ஒன்று வளர்கிறது. பெயர் வீமன். வளவுக்குள் இருக்கும்வரை இவனைப்போலச் சொற்கேட்கும் நாய் இந்த ஒழுங்கையிலேயே இல்லை என்று துணிந்து சொல்வேன். ‘இரு’ என்றால் இருக்கிறான். படலை திறந்து கிடந்தாலும் ‘பொறு’ என்றால் பொறுக்கிறான். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால், நான் சொல்லும்வரை வாயிலிருந்து நீர் வடிய வடியக் கோப்பையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால், படலையைத் தாண்டிய மறுகணமே அத்தனை படிப்பும் வேறு யாரோ ஒரு நாய் படித்ததாகிவிடுகிறது.

நாள்தோறும் காலையில் வாய்க்கால் வீதி வழியாக நான் வயலுக்குச் செல்லும்போது அவனும் கூட வருவான். ஒன்றரைக் கிலோமீற்றர்தான் தூரம். அதற்குள் அயல்வீட்டுக் கோழிகள், வரம்பில் நிற்கும் மயில்கள், வாய்க்கால் கரைப் பொந்துக்குள் நுழையும் உடும்பு, எவரோ உண்டுவிட்டு எறிந்த சோற்றுப் பொதி என்று அவனை இழுப்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. கடந்த மாதம், அடையிலிருந்து இறங்கி இரை பொறுக்க வந்த கோழியொன்றைக் கவ்விக் கொன்றுவிட்டான். மன்னிப்புக் கேட்டுக் கோழிக்குரிய பணத்தையும் கொடுத்தேன். பணத்தை வாங்கிய அந்த அம்மா இன்றுவரை என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. அடையில் கிடந்த 11 முட்டைகளுக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது தொல்லை மீன் வியாபாரி. காலை ஒன்பது மணியளவில், மோட்டார் சைக்கிளின் பின்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹோர்னை விட்டு விட்டு அழுத்தியபடி அவர் ஒழுங்கைக்குள் நுழைவார். அந்த ஒலி தொலைவில் கேட்டதுமே வீமன் வேலியின் இடைவெளியால் வெளியேறி, ஓடும் சில்லைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மழைச் சேற்றில் ஒருநாள் அவர் சறுக்கி விழப் பார்த்தார்.

மூன்றாவதுதான் என் நித்திரையைக் கெடுப்பது. சென்ற கிழமை பற்றையோரம் எதையோ கவ்வினான். ‘விடு, விடு’ என்று கத்திக்கொண்டு நான் துரத்த, அவன் அதை விளையாட்டென்று எண்ணி வரம்பு வரம்பாகப் பாய்ந்து, கடைசியில் அதை விழுங்கியும்விட்டான். நல்லவேளையாக அது ஆட்டெலும்பு. பயிர் வளர்ந்து நிற்கும் இக்காலத்தில் காட்டுப்பன்றிக்கு வாய்வெடி (இரைக்குள் மறைத்து வைக்கும், கடித்தால் வெடிக்கும் பொருள்) வைப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த, எவரும் வாய்திறந்து சொல்லாத விடயம்.

சங்கிலியில் கட்டிப் பார்த்தேன், ஊளையிடுகிறான். ஒருநாள் பூவரசந்தடியால் அடித்தும்விட்டேன். அதன்பின் பாதி நாள் என்னைவிட்டு இருபது அடி தள்ளியே நின்றான். மறுநாள் கோழியை மீண்டும் துரத்தினான். இப்படிப்பட்ட நாயைத் தானாகவே விட்டுவிட்டு வரப் பழக்க முடியுமா, அல்லது ஆயுள் முழுவதும் சங்கிலிதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்)

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக ஊர் நாய்களையே வளர்த்து வருகிறேன். பழக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. ‘தொடாதே’ என்பதை எந்த நாயும் படிக்காது. சும்மா இருப்பதென்பது நாய்க்கு ஒரு வேலையாகத் தெரிவதில்லை. அதற்குப் பதிலாகச் செய்வதற்கு ஒன்றை நீங்கள் கொடுக்க வேண்டும். ஆசைப்பட்ட பொருளிலிருந்து மூக்கைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்ப்பதே அந்த ஒன்று. அப்படிப் பார்த்தால் தரையில் கிடப்பதைவிடச் சுவையானது கிடைக்கும் என்று அவனுக்கு நூறு தடவை உண்மையாகவே நடந்திருக்க வேண்டும்.

முதலில் ‘விடு’ என்ற சொல்லைக் கைவிடுங்கள். எலும்பை விழுங்கியபோதும், கோழியைத் துரத்தியபோதும், சில்லைச் சுற்றியபோதும் அந்தச் சொல் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவனைப் பொறுத்தவரை அது பாய்ச்சலுக்கு வாசிக்கும் மேளம். வீட்டில் நாள் முழுவதும் எவரும் சொல்லாத சொல்லொன்றை எடுங்கள். நான் ‘விலகு’ என்று சொல்கிறேன். வீட்டிலுள்ள அனைவரும் அதையே, ஒரே முறை மட்டும், சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். அம்மா ஒன்றும் பிள்ளைகள் வேறொன்றும் சொல்லும் வீட்டில் நாய்க்கு எதுவும் நிலைக்காது.

இனி முதற் பயிற்சி. அவன் சாப்பிடுவதற்கு முன், பசியோடிருக்கும் நேரத்தில், முற்றத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். இடக்கைக்குள் பாண் துண்டொன்றைப் பொத்தி அவன் மூக்கின் முன் நீட்டுங்கள். நக்குவான், நகத்தால் சுரண்டுவான், முன்பல்லால் விரலை மெல்லக் கடித்துப் பார்ப்பான். கையையும் எடுக்க வேண்டாம், வாயையும் திறக்க வேண்டாம். ஏதோவொரு கணத்தில் சலித்துப்போய் மூக்கைச் சற்று விலக்குவான். அந்தக் கணத்திலேயே ‘சரி’ என்று சொல்லி, வலக்கையில் மறைத்து வைத்திருக்கும் அவித்த ஈரலைக் கொடுங்கள். பொத்திய கையிலிருப்பதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்தால், விடாமல் சுரண்டினால் கிடைக்கும் என்ற பாடத்தை நீங்களே படிப்பித்தவராகிவிடுவீர்கள். ஈரல் துண்டு கடலைப்பருப்பளவு இருந்தால் போதும். பெரிய துண்டானால் மெல்லுவதில் நேரம் போகும், வயிறும் நிறைந்துவிடும். ஐந்து நிமிடம் செய்துவிட்டு நிறுத்துங்கள்; நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். கையைக் கண்டதுமே அவன் தலையைத் திருப்பும் நிலை வந்தபிறகுதான் ‘விலகு’ என்ற சொல்லை அதனுடன் சேர்க்க வேண்டும்.

அடுத்து விரித்த உள்ளங்கை. அதன்பின் தரையில் வைத்துப் பாதத்தால் மூடத் தயாராக நிற்பது. பிறகு நடந்துகொண்டிருக்கும்போது கைதவறி விழுந்ததுபோல் போடுவது. ஒவ்வொரு படியிலும் பத்துக்கு எட்டுத் தடவை சரியாகச் செய்தால் மட்டுமே மேலே செல்லுங்கள். முற்றத்தில் தேறியவன் படலைக்கு வெளியே முதலாம் வகுப்புக்காரன்தான். நாய்கள் இடத்தோடு சேர்த்தே பாடத்தைப் படிக்கின்றன. முற்றத்து ‘விலகு’ வேறு, வாய்க்கால் வீதியின் ‘விலகு’ வேறு. எனவே ஒழுங்கை, வாய்க்கால் வீதி, வயல் என ஒவ்வோர் இடத்திலும் பொத்திய கையிலிருந்தே தொடங்குங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் இரண்டாம் மூன்றாம் இடங்களில் வெகு விரைவில் பிடித்துக்கொள்வான்.

கோழிக்கு வருகிறேன். இதில் பலர் செய்யும் தவறு, கோழிக்கு மிக அருகில் நின்று பழக்குவது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஈரலே உங்களுக்குச் சொல்லும். கோழியைக் கண்ட நாய் நீங்கள் நீட்டும் ஈரலை வாங்கித் தின்கிறதென்றால் அதன் மூளை இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறது. வழக்கமாகப் பறித்துத் தின்னும் அதே ஈரலைக் கண்டும் காணாததுபோல் நிற்கிறதென்றால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். பேசாமல் பத்தடி பின்னால் வாருங்கள், வேண்டுமானால் முப்பதடி வாருங்கள். அங்கிருந்து, அவன் கோழியைப் பார்ப்பான், நீங்கள் ‘விலகு’ என்பீர்கள், திரும்பினால் ஈரல். தூரத்தைக் குறைப்பது நாளுக்கு ஐந்தடிக்கு மேல் வேண்டாம்.

சொல்ல வேண்டிய கணம் மிகவும் குறுகியது. ஓடத் தொடங்கியபின் சொல்லிப் பயனில்லை. அதற்கு முன் ஓரிரு விநாடி அவன் உடம்பு பேசும்: திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும், காதுகள் முன்னோக்கி விறைக்கும், வால் அசைவதை நிறுத்தும், சில நாய்கள் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கும். வாய் மூடியவுடனே சொல்லிவிடுங்கள்.

இந்தக் காலம் முழுவதும் அவனை அவிழ்த்துவிடக் கூடாது. கோழியைத் துரத்துவதே ஒரு சம்பளம். நீங்கள் பத்து நாள் கொடுத்த ஈரலை ஒரு துரத்தல் தின்றுவிடும். 10 மீற்றர் நீளக் கயிறொன்றை வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டியில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றி அணிவிக்கும் பட்டியில் கட்டுங்கள். வேகமாக ஓடிக் கயிறு முடியும் இடத்தில் கழுத்தில் விழும் வெட்டு தொண்டையைப் பழுதாக்கும். கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். மெல்லிய நைலோன் கயிற்றால் என் வலது உள்ளங்கையில் விழுந்த தழும்பு எட்டு வருடமாகியும் அப்படியே இருக்கிறது. பருத்திக் கயிறு கைக்கு இதம், ஆனால் இந்த மழையில் நீரைக் குடித்துப் பாரமாகிவிடும். தட்டையான பட்டிக் கயிறு கிடைத்தால் அதுவே மேல்.

வாயில் கவ்விவிட்ட பொருளுக்காகத் துரத்தவே வேண்டாம். எதிர்த்திசையில் இரண்டடி நடந்து, குந்தியிருந்து, ஈரலைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆபத்தில்லாத பொருளென்றால் அதைத் திருப்பியும் கொடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்றறிந்த நாய் அவசரப்பட்டு விழுங்காது.

பழைய வேட்டைக்காரன் (நெடுங்கேணி)

தம்பி, அக்கா சொல்வது படித்தவர்களின் முறை. எங்கள் தகப்பனார் காலத்தில், கோழி பிடித்த நாயின் கழுத்தில் செத்த கோழியைக் கட்டி, அழுகி விழும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு கோழியைக் கண்டால் ஒதுங்கிப்போகும் நாய்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்னொன்று: உடும்பின் வாசத்தைப் பிடித்துவிட்ட நாயை ஈரல் துண்டைக் காட்டித் திருப்பலாம் என்று எவராவது சொன்னால், அவர் அந்த வாசத்தில் ஓடும் நாயின் பின்னால் ஓடிப் பார்க்காதவர் என்பேன். நான் வேட்டையை விட்டுப் பல காலமாகிவிட்டது. ஆனால் நாயின் மூக்கு மாறிவிடவில்லை.

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்)

ஐயா, உங்களுடைய இரண்டாவது கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மூக்கு முழுமையாக வாசத்தில் இறங்கிய பின்னர் ஈரலும் வேலை செய்யாது, என் குரலும் வேலை செய்யாது. தூரத்தையும் வாய் மூடும் கணத்தையும் பற்றி நான் அவ்வளவு எழுதியது அதனால்தான். உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி என்பதால், பொந்துகள் இருக்கும் வாய்க்கால் துண்டில் கயிறு எக்காலத்திலும் கழலக் கூடாது என்பதே என் வீட்டு வழக்கமும்.

செத்த கோழியைப் பற்றி மட்டும் வேறுபடுகிறேன். கடித்த கணத்துக்கும் கழுத்தில் கட்டிய கணத்துக்கும் இடையே நாயின் மனத்தில் முடிச்சு விழுவதில்லை. அது அறிந்துகொள்வதெல்லாம், தன் கழுத்தில் நாற்றம் தொங்குகிறது, புண் வருகிறது, வீட்டுக்காரர் தன்னை அண்ட விடுவதில்லை என்பதுதான். ஒதுங்கிப்போன நாய்கள் கோழிக்கு ஒதுங்கினவா, மனிதருக்கு ஒதுங்கினவா என்று எனக்கு ஐயம். அடியும் அப்படித்தான். வயற்காரன் தம்பியின் வீமன் இருபது அடி தள்ளி நின்றானே, அவன் படித்தது கோழியைப் பற்றியல்ல, பூவரசந்தடியைப் பற்றி. கூப்பிட்டுத் திரும்பி வந்த நாயை அடித்தால், அடுத்த முறை வருவதற்கே யோசிக்கும்.

முன்னர் எழுத மறந்த ஒன்று. எல்லாவற்றுக்கும் ஈரல்தான் கூலியாக வேண்டும் என்பதில்லை. டேவிட் பிரெமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் எழுதிய கருத்தொன்று உண்டு: ஓர் உயிர் மிகவும் விரும்பிச் செய்யும் செயலை, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம். பாடத்தை முடித்துவிட்டு விளையாடப் போ என்று பிள்ளைக்குச் சொல்லும் எந்தத் தாய்க்கும் அது தெரியும். யானை இலத்தியை முகரத் துடிக்கும் நாய் ‘விலகு’ என்றதும் திரும்பிப் பார்த்தால், ‘சரி, போ’ என்று அந்த இலத்தியிடமே அனுப்புங்கள். தீங்கற்ற ஆசைகளுக்கு இதைவிட நல்ல சம்பளம் இல்லை.

கரைவலை (அளம்பில்)

நான் ஐந்து வருடம் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றவன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஒழுங்கைக்கு வரும் வியாபாரி, மீனை வெட்டிக் கொடுத்தபின் செதிளையும் குடலையும் எங்கே எறிகிறார்? நாங்கள் பெரும்பாலும் சுற்றி நிற்கும் நாய்களுக்கே எறிவோம். எல்லா வீட்டிலும் வெட்டச் சொல்ல மாட்டார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் அந்த நாய்க்கு யோகம் அடிக்கும். அதற்காகவே அது நாள்தோறும் ஹோர்ன் சத்தத்துக்கு ஓடிவரும். நான் எறிந்த சூரைத் தலைக்காகக் கறுத்த நாயொன்று முல்லைத்தீவு வீதியில் ஒன்றரை மைல் என் பின்னால் ஓடிவந்திருக்கிறது.

மண்சோதனை (மாங்குளம்)

கரைவலை அண்ணா கேட்டது நல்ல கேள்வி. நாள்தோறும் கிடைக்கும் கூலி ஒருநாள் நின்றால் நாய் விரைவில் கைவிட்டுவிடும்; என்றாவது கிடைக்கும் கூலிக்காகத்தான் விடாமல் ஓடும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். லொத்தர் வாங்குபவர்களைப் பார்த்தாலும் தெரியும்.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கே மிதிவெடி அகற்றும் பணியில் நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. அக்காலத்தில் சில வருடங்கள் நான் அந்தப் பணியில் இருந்தேன். நாயைக் கையாள்பவனாக அல்ல, மண்ணைக் கிளறிச் சோதிப்பவனாக. ஆனால் நாய்கள் வேலை செய்வதை நாள்கணக்காகப் பார்த்திருக்கிறேன். நீண்ட கயிற்றின் முனையில் நாய் மூக்கைத் தரையோடு வைத்து நேர்கோட்டில் செல்லும். வெடிமருந்தின் மணம் பட்டால் அந்த இடத்திலேயே அமர்ந்துவிடும், தோண்டாது, குரைக்காது. அமர்ந்ததற்குக் கூலி ஒரு இறப்பர்ப் பந்து. ஒருநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், நாய்க்கு நாலைந்து அடி முன்னால் பற்றைக்குள்ளிருந்து காட்டுக்கோழி ஒன்று சடசடவென்று எழுந்து பறந்தது. எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு துணுக்குற்றது. நாய் தலையைத் தூக்கி அது பறந்த திசையைப் பார்த்தது. திரும்பித் தன்னைக் கையாள்பவரைப் பார்த்தது. மூக்கை மீண்டும் தரையில் வைத்தது. அவ்வளவுதான். அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

எப்படி என்று பிறகு அவரிடம் கேட்டேன். அந்த நாய்க்குப் பறவையில் ஆசை இல்லாமல் இல்லை, பறவை ஒருபோதும் பந்து கொடுத்ததில்லை, அவ்வளவுதான் என்றார். அவர் சொன்ன இன்னும் இரண்டு விடயங்கள் வயற்காரன் அண்ணாவுக்கு உதவலாம். நாள்தோறும் வேலை தொடங்குவதற்கு முன் நாய்க்குச் சிறிய சோதனையொன்று வைப்பார்கள். அதில் தவறினால் அன்று அந்த நாய்க்கு வேலையில்லை. நாயைத் திட்டுவதும் இல்லை. நீங்களும் படலையடியில் பொத்திய கையை நீட்டிப் பாருங்கள். அன்று அவன் புத்தி சிதறியிருந்தால் குறுங்கயிற்றில் கூட்டிச் செல்லுங்கள், அல்லது வீட்டில் விட்டுவிடுங்கள். மற்றது, ஒரு நிலத்திலிருந்து வேறொரு நிலத்துக்கு மாற்றினால், எவ்வளவு தேர்ந்த நாயாயினும் புதிய இடத்தில் பழகவிட்டு, மீண்டும் சோதித்த பின்னர்தான் வேலைக்கு விடுவார்கள். அக்கா ‘முதலாம் வகுப்பு’ என்று எழுதியது அதைத்தான்.

வாய்வெடியைப் பற்றி ஒரு சொல். காய்கறிக்குள்ளும் பழத்துக்குள்ளும் வைத்துவிடும் அந்தப் பொருளைக் கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்தே சாகும் யானைக் கன்றுகளைப் பற்றி நாம் எத்தனையோ தடவை கேள்விப்பட்டிருக்கிறோம். இதற்குப் பயிற்சியை மட்டும் நம்ப வேண்டாம். எட்டு நாள் விலகிய நாய் ஒன்பதாம் நாள் விலகாமல் போகலாம். அந்த ஒன்பதாம் நாளுக்கு மறுநாள் கிடையாது. காட்டோரத் துண்டில், மூச்சுவிடவும் நீர் குடிக்கவும் வாய் திறக்கக்கூடிய கூடை போன்ற வாய்க்கூட்டைப் போடுங்கள். அதையும் திடீரென்று மாட்டக் கூடாது. உள்ளே ஈரலை வைத்து, தானாக முகத்தை நுழைக்கும்வரை சில நாள் பழக்குங்கள்.

வயற்காரன் (வட்டக்கச்சி)

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. இடையில் ஒரு கிழமை முழுவதும் மழை. அந்த நாட்களில் திண்ணையில் வைத்து மட்டும் பழக்கினேன்.

முதலில் மீன் வியாபாரி. கரைவலை அண்ணா, நீங்கள் சொன்னது அச்சொட்டாகச் சரி. எறிபவர் அவர்கூட இல்லை, என் மாமியார். மீனை வெட்டுவித்து வாங்கிக்கொண்டு, குடலை வேலிக்கு மேலால் வீமனுக்கு எறிவது அவர் வழக்கமாம். ‘பாவம், வாயில்லாச் சீவன்’ என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். இப்போது வெட்டிய கழிவு முழுவதும் தென்னையடியில் தாழ்க்கப்படுகிறது. கூடவே, பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிந்துவைத்த ஹோர்ன் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஒலிக்கவிட்டு, ஒலித்ததும் நான் திண்ணைத் தூணடியில் ஈரல் கொடுப்பது என்று தொடங்கினேன். குடல் நின்ற முதற் கிழமை அவன் முன்னிலும் மூர்க்கமாக ஓடி, வேலியில் புதிதாக இன்னோர் ஓட்டையும் போட்டான். நான் மனம் சோர்ந்துவிட்டேன். இரண்டாம் கிழமை தணிந்தது. இப்போது உண்மையான ஹோர்ன் கேட்டால் எழுந்து வேலியைப் பார்த்துவிட்டு, தூணடிக்கு வந்து அமர்ந்து என்னைப் பார்க்கிறான். நான் வீட்டில் இல்லாத நாளில் என்ன செய்கிறான் என்று கேட்காதீர்கள், ஓட்டைகளை அடைத்துவிட்டேன்.

பொத்திய கை இரண்டு நாளில் முடிந்தது. தரையில் போடும் பயிற்சிக்குப் பத்து நாள் எடுத்தது. கோழிகளுக்கு நூறடி தூரத்தில் தொடங்க வேண்டியிருந்தது; அதற்குக் குறைந்தால் ஈரலை மூக்கில் தேய்த்தாலும் வாங்க மாட்டான். நேற்று இருபது அடியில் அந்த அம்மாவின் சேவலும் மூன்று பேடுகளும் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. வீமனின் வாய் மூடியது. நான் ‘விலகு’ என்றேன். அவன் தொண்டைக்குள் சிறியதொரு முனகல் கேட்டது, ஆசையை விழுங்குவதுபோல. பிறகு திரும்பி என் இடுப்பில் கட்டியிருந்த ஈரல் பையைப் பார்த்தான். முகத்தையல்ல, பையைத்தான். கயிறு தளர்ந்தே கிடந்தது.

வாய்க்கூட்டை மூன்றாம் கிழமையிலிருந்து அணிகிறான். முதல் நாள் அதை வரம்பு மண்ணில் தேய்த்துத் தேய்த்துச் சேற்றை நிரப்பிக்கொண்டு வந்தான், இப்போது மறந்துவிட்டான். எதிரே வருபவர்கள் கடிக்கிற நாய் என்று எண்ணி விலகிப் போகிறார்கள் என்பதுதான் குறை.

தேறாத பாடம் மயில். எவ்வளவு தூரத்தில் நின்றாலும், அது நடந்தால் பார்த்துக்கொண்டு நிற்பவன், சிறகை அடித்துக்கொண்டு எழும்பியதும் பறந்துவிடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை 10 மீற்றர் கயிற்றோடு என்னையும் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டான். இதற்கு என்ன வழி? இன்னொன்று, ஆண் நாய் என்பதால் நலம் எடுத்துவிட்டால் (விதை நீக்கிவிட்டால்) துரத்துவது குறையும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்)

நல்ல முன்னேற்றம், தம்பி. பையைப் பார்ப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இனி ஈரலைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் ஒரு நாளும் மடியில் ஒரு நாளுமாக மாற்றி வையுங்கள், தானாக முகத்துக்கு வருவான். முதற் கிழமை மூர்க்கமானது வழமையானது. கிடைத்துவந்தது நின்றால், நிற்கும் முன் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் உங்கள் மாமியார் இரங்கி ஒரேயொரு குடலை எறிந்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

நலம் எடுப்பதால் பெட்டை நாய் தேடி அலைவது குறையும். கோழி, மயிலைத் துரத்துவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறு காரணங்களுக்காகச் செய்வதென்றால் கால்நடை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மயிலில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன: நிற்கும் மயில் ஒன்று, எழும் மயில் ஒன்று. எழும் மயிலை நாம் சொன்னபடி எழும்ப வைக்க முடியாது என்பதால், அசைவை மட்டும் தனியாகப் பழக்குங்கள். நீண்ட தடியின் முனையில் பழைய சாரத் துண்டொன்றைக் கட்டி, வளவுக்குள் முதலில் மெதுவாக இழுத்து ‘விலகு’ சொல்லுங்கள்; பிறகு வேகமாக; பிறகு மகனைக் கொண்டு மதிலுக்குப் பின்னாலிருந்து திடீரென்று மேலே வீசச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால், கூலியாக அந்தச் சாரத் துண்டையே துரத்திக் கடித்து இழுக்க விடுங்கள். இந்தப் பாடத்துக்கு ஈரலைவிட அதுதான் பிடிக்கும். தை, மாசியில் அறுவடை முடிந்து சிந்திய நெல்லுக்கு மயில்கள் கூட்டமாக வயலில் இறங்கும். அதற்கு முன் இதை முடித்துவிடப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு மாதமும் வாய்க்கால் பக்கத்தில் நடக்காமல், அவனைக் கயிற்றில் பிடித்து வீதியின் மறுபக்கத்தால் கூட்டிச் செல்லுங்கள்.